இந்த டொக்டர் யார்? மருத்துவ சபையின் பதிவேடும் எங்கள் சனல் நிலையங்களும்

ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி போன்ற மலையக நகரங்களின் பிரதான வீதியில் நடப்பவர், பார்மசிக்கும் புடவைக்கடைக்கும் நடுவே மாடிப்படி ஏறும் இடங்களிலெல்லாம் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைக் காண்பார். பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். என்றும் எம்.டி. என்றும் டி.எஃப்.எம். என்றும் எழுத்துகள் வரிசையாக நிற்கும். சில பலகைகளில் நாடுகளின் பெயர்களும் சேர்ந்துகொள்ளும். அவற்றில் எது அடிப்படைப் பட்டம், எது பட்டப்பின் தகுதி, எது குறுகிய பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழ் என்பது படியேறும் நோயாளிக்குத் தெரிவதில்லை. இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டை எவரும் தேடிப் பார்க்கலாம் என்ற வசதி இருந்தும், அதைப் பயன்படுத்தியவர்களை எங்கள் பக்கத்தில் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். ஆகவே அந்த வசதியை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்கிவந்து கைக்காசு கொடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவருக்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது, எந்த இடத்தில் உதவாமற் போகிறது, நடுவில் நின்று, வைத்தியரைக் காசு கொடுத்துப் பார்க்க முன்பதிவு செய்து தரும் சனல் நிலையங்கள் இதில் எப்படி நடந்துகொள்கின்றன என்பவற்றை இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் பதிவேடு. 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இலங்கையில் மேலைத்தேய மருத்துவம் பார்ப்பவர் எவராயினும் மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், ருகுணு போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் தற்காலிகப் பதிவுடன் ஓராண்டு உள்ளகப் பயிற்சி செய்த பின்னரே முழுப் பதிவு பெறுகிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இடையில் இன்னொரு படி உண்டு. மருத்துவ சபை நடத்தும், முன்னர் எல்லோரும் ‘அக்ட் 16’ என்று சொல்லிப் பழகிய, தகுதிகாண் பரீட்சையில் அவர்கள் சித்தியடைய வேண்டும். அதன் பிறகுதான் உள்ளகப் பயிற்சி. எனவே வெளிநாட்டுப் பட்டம் என்பதற்காக ஒருவரைக் குறைத்து மதிப்பிட வேண்டிய அவசியமே இல்லை. பதிவேட்டில் அவர் பெயர் இருக்குமானால் உள்நாட்டில் படித்தவர் கடந்த அதே வாசலை அவரும் கடந்திருக்கிறார். பட்டம் கையில் இருந்தும் அந்தப் பரீட்சையில் தேறாதவர் இங்கே தனியாக வைத்தியம் பார்ப்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை. பலகையைப் பார்த்து இந்த இரண்டு பேரையும் வேறுபடுத்திக் காண முடியாது என்பதனாலேயே பதிவேடு தேவைப்படுகிறது.

சபையின் இணையத்தளத்தில் பெயரைக் கொண்டோ பதிவிலக்கத்தைக் கொண்டோ தேடலாம். கட்டணம் இல்லை. சாதாரணக் கைபேசியிலும், தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டுப்பக்கத்தில் நின்றால், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும். பதிவிலக்கம் தெரிந்திருந்தால் இந்தச் சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது, அதுவும் தமிழ்ப் பெயர்களுக்கு. பதிவேட்டில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. பலகையிலோ தமிழில் ‘சிவகுமார்’ என்று இருக்கும். அதை ‘எஸ்’ என்று தொடங்குவதா, ‘எஸ்.எச்.’ என்று தொடங்குவதா, நடுவில் வருவது ‘வி’யா ‘டபிள்யூ’வா, கடைசியில் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். சிங்களப் பெயர்களில் எழுத்துக்கூட்டுச் சிக்கல் குறைவு. ஆனால் கண்டிப் பக்கத்தில் ‘பண்டார’ என்று மட்டும் தெரிந்துகொண்டு தேடப் புறப்பட்டவர், நீண்ட பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கைபேசியை மூடிவிடுவார். பெண் வைத்தியர்கள் பலர் திருமணத்துக்கு முந்திய பெயரில் பதிந்திருப்பார்கள், கணவர் பெயருடன் அறியப்படுவார்கள். ஆகவே பெயர் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு ஒருவரைப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த முடிவுக்கு வருமுன் பதிவிலக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

பதிவிலக்கம் எங்கே கிடைக்கும்? வைத்தியர் எழுதும் மருந்துத் துண்டிலும் மருத்துவச் சான்றிதழிலும் அவர் அடிக்கும் இறப்பர் முத்திரையில் பெயர், பட்டம் ஆகியவற்றுடன் வழக்கமாக அதுவும் இருக்கும். ஆனால் துண்டு கைக்கு வருவது காசு கட்டி, வைத்தியரைப் பார்த்து முடித்த பிறகு. முன்கூட்டியே அறிய விரும்புபவர் சனல் நிலையத்தின் கருமபீடத்தில்தான் கேட்க வேண்டும். இங்கேதான் நான் பெயர் குறிப்பிட விரும்பாத நிலையம் ஒன்றின் அனுபவம் வருகிறது. நோர்வூட் பக்கத்திலிருக்கும் என் அத்தைக்கு முழங்கால் வலி. கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய கால்கள். அவருக்காக முன்பதிவு செய்யப் போனேன். கருமபீடத்தில் இருந்த தங்கச்சி சி.ஆர். கொப்பி எனும் தடித்த குறிப்பேடு ஒன்றில் நோயாளியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். வைத்தியரின் பெயர் அந்தக் கொப்பியில் ஒற்றை எழுத்தும் குடும்பப் பெயருமாக மட்டுமே இருந்தது. முழுப் பெயரையும் பதிவிலக்கத்தையும் தர முடியுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, “அண்ணே, எல்லாரும் அவங்கவங்க நம்பர் எத்தனைன்னுதான் கேப்பாங்க. டொக்டரோட நம்பர யாரும் கேட்டதில்லயே” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. உள்ளே இருந்து வந்த பொறுப்பாளர் முகத்தைச் சற்றுச் சுளித்தாலும், மேசை இழுப்பறையைக் கிளறி, வைத்தியரின் பழைய துண்டு ஒன்றை எடுத்து முத்திரையைக் காட்டினார். அந்த இலக்கத்தை அங்கேயே நின்று தேடினேன். பெயர் சரியாக வந்தது. நிபுணர்களுக்கான பதிவேட்டிலும் அவர் இருந்தார்.

வைத்தியர் குறைவற்றவர், அவரைப் பற்றிய விபரத்தை மறைத்ததும் அவரல்லர். நிலையம்தான் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்பதை மூன்று மொழியில் எழுதி ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, வருகை தரும் ஒவ்வொரு வைத்தியரின் முழுப் பெயரையும் பதிவிலக்கத்தையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து ஒட்டுவது பெரிய வேலையன்று. பற்றுச்சீட்டிலும் வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம் என்று பிரிக்காமல் மொத்தத் தொகையை மட்டுமே எழுதினார்கள். கேட்ட பிறகே பிரித்து எழுதித் தந்தார்கள். துப்புரவுக்கும் தங்கச்சியின் பொறுமைக்கும் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் வைத்தியரைத் தெரிவு செய்ய நோயாளிக்கு உதவும் இடமா என்று பார்த்தால் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை.

பலகைகளில் காணும் எழுத்துகளுள் மிகுந்த மயக்கம் தருவது எம்.டி. இலங்கையில் எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் தெரிவுப் பரீட்சையில் தேறி, ஆண்டுக் கணக்கில் வைத்தியசாலைகளில் பயிற்சி பெற்று, கடினமான பரீட்சை எழுதிப் பெறுவது ஒரு எம்.டி. ரஷ்யா போன்ற சில நாடுகளில் மருத்துவக் கல்லூரியை முடித்தவுடனேயே கிடைக்கும் அடிப்படைப் பட்டத்துக்கும் எம்.டி. என்றே பெயர், அது இங்குள்ள எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குச் சமம். இரண்டும் பலகையில் ஒரே இரண்டு எழுத்துகளாகத் தெரியும். இரண்டாமவர் பொய் எதுவும் எழுதவில்லை. தன் பட்டத்தைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த எழுத்தைப் பார்த்து ‘பெரிய டொக்டர்’ என்று நம்பி, நிபுணருக்குரிய கட்டணத்தைக் கொடுக்கும் நோயாளிக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். உள்நாட்டு எம்.டி. பெற்றவர்கூட அந்த நாளிலேயே நிபுணர் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பின்னும் சிரேஷ்ட பதிவாளர் என்ற வைத்தியசாலைப் பதவியில் பயிற்சி பெற வேண்டும். பெரும்பாலான துறைகளில் அதன் ஒரு பகுதி வெளிநாட்டில் கழியும். அது முடிந்து பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சபைச் சான்றுப்படுத்தல் கிடைத்த பிறகுதான் ‘விசேட வைத்திய நிபுணர்’ என்ற பெயர் பொருந்தும். மருத்துவ சபை நிபுணர்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. பலகையில் ‘நிபுணர்’ என்றிருந்து, பொதுப் பதிவேட்டில் பெயர் இருந்து, நிபுணர் பதிவேட்டில் இல்லையென்றால், அவர் எந்தத் துறையில் எங்கே சான்று பெற்றவர் என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இதை எழுதும்போது டி.எஃப்.எம். போன்ற குடும்ப மருத்துவ டிப்ளோமாக்களையும் பொது வைத்தியர் கல்லூரியின் எம்.சி.ஜி.பி. போன்ற தகுதிகளையும் நான் கீழே தள்ளுவதாக எவரும் எண்ண வேண்டாம். காய்ச்சல், இருமல், இரத்த அழுத்தம், ஆரம்ப நிலைச் சர்க்கரை வியாதி போன்றவற்றுக்கு, குடும்பத்தையே அறிந்த, அருகிலிருக்கும் ஒரு நல்ல எம்.பி.பி.எஸ். வைத்தியர் போதும்; பல வேளைகளில் அவரே மேல். எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம் இதற்கு நேர்மாறானது. வயிற்றெரிச்சலுக்கு நேராக இருதய நிபுணரைச் சனல் செய்வார்கள். முழங்கால் வலிக்கு என்பு முறிவு சத்திர சிகிச்சை நிபுணரைப் பார்ப்பதா, வாத நோய் நிபுணரைப் பார்ப்பதா என்று கருமபீடத்துத் தங்கச்சியிடம் கேட்டு முடிவு செய்வார்கள். நிபுணர் எவ்வளவு பெரியவராயினும் துறை பிழைத்தால், அவர் செய்வது இன்னொரு நிபுணருக்குக் கடிதம் எழுதித் தருவதுதான். அதற்கு இரண்டு கட்டணம். முதலில் குடும்ப வைத்தியர் ஒருவரைப் பார்த்து, அவரிடமிருந்து கடிதத்துடன் போவதே சிக்கனம். அத்தையின் முழங்காலுக்கும் அப்படித்தான் வழி பிறந்தது.

பதிவேட்டில் இல்லாமலும் முறைப்படி வைத்தியம் செய்பவர்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்கள் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்கிறார்கள். பி.ஏ.எம்.எஸ்., பி.எஸ்.எம்.எஸ். போன்ற பட்டங்கள் பல்கலைக்கழகப் பட்டங்களே. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கற்பிக்கப்படுகிறது. அவர்களும் பெயருக்கு முன்னால் ‘டொக்டர்’ என்று எழுதுகிறார்கள். பரம்பரையாக முறிவு பார்ப்பவர்களும் அந்தச் சபையில் பதிவு பெறலாம். ஆகவே அவர்களை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடிக் காணவில்லை என்று கலங்கத் தேவையில்லை. தேட வேண்டிய ஏடு வேறு. கலங்க வேண்டியது எப்போதென்றால், எண்ணெயும் கசாயமும் தர வேண்டிய ஒருவர் ஊசி போடுகிறபோதும் அன்டிபயோட்டிக் குளிசை தருகிறபோதும்தான்.

தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் விடயம் தனி. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின் மேல் சுமத்திய மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1912 இல் வந்தது. அதன் வழியில் வளர்ந்த டிஸ்பென்சரிகள் பலவற்றில் இன்றும் தோட்ட மருத்துவ உதவியாளர் என்ற பதவியில் உள்ளவர்களே இருக்கிறார்கள். தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அவரை ‘டொக்டர் ஐயா’ என்றுதான் அழைப்பார்கள். அவரும் பெரும்பாலும் அதை மறுப்பதில்லை. அவர் எம்.பி.பி.எஸ். வைத்தியர் அல்லர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு முதல் மருந்து தருவது, உரிய நேரத்தில் வைத்தியசாலைக்கு அனுப்புவது ஆகியவற்றில் நல்ல அனுபவம் உள்ள உதவியாளர்களை எனக்குத் தெரியும்; இரவில் லொறி பிடித்துத் தாயையும் பிள்ளையையும் அனுப்பி வைத்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆனால் நெஞ்சு வலிக்கோ, கர்ப்பிணியின் கால் வீக்கத்துக்கோ அவருடைய குளிசையோடு நின்றுவிடுவது ஆபத்து. இன்னொரு பிரிவினர், பழைய உதவி வைத்தியர் பயிற்சி பெற்று ஆர்.எம்.பி. என்று எழுதிக்கொள்பவர்கள். அவர்களும் மருத்துவ சபையிலேயே தனிப் பிரிவில் பதிந்தவர்கள். வயதான அத்தகைய வைத்தியர்களின் டிஸ்பென்சரிகளை மலையக நகரங்களில் இன்னும் காணலாம். அவர்களைப் போலி என்பது அநியாயம்.

பல் வைத்தியர்களும் அதே மருத்துவ சபையில் பதிய வேண்டியவர்கள், பி.டி.எஸ். அவர்களுடைய பட்டம். பல் பிடுங்குவதையும் பல் கட்டுவதையும் பட்டமில்லாமல் செய்யும் சின்னக் கடைகள் மலிவு என்பதால் கூட்டம் சேர்க்கின்றன. கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று அங்கே கேட்பவர் இல்லை. என் கருத்தில், பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் பல் வைத்தியம். தோட்டத்துக்கு வந்து ‘இலவசக் கண் பரிசோதனை’ நடத்திக் கண்ணாடி விற்பவர்களும் கண் வைத்திய நிபுணர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வை அளவெடுப்பது ஒரு வேலை. கண்ணுக்குள் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. சர்க்கரை வியாதி உள்ளவர் இரண்டாவதைத் தவறவிட்டால் பின்னர் கண்ணாடி உதவாது.

இனி, பதிவேடு சொல்லாத விடயங்கள். பதிவேடு ‘இவர் வைத்தியர்’ என்று சொல்லும்; ‘இவர் நன்றாகப் பார்ப்பார்’ என்று சொல்லாது. இரண்டாவது கேள்விக்கு மலையகத்தில் நான் நம்பும் அளவுகோல் வைத்தியர் கையில் தரும் கடுதாசிதான். எங்கள் நகரங்களில் பல டிஸ்பென்சரிகளில் வைத்தியரே மருந்தையும் கொடுக்கிறார். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உதவியாளர் பெரிய போத்தலிலிருந்து குளிசைகளை எண்ணி, சிறிய வெள்ளைக் கடுதாசி உறைகளில் போட்டு, உறையின் மேல் காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு இழுத்துத் தருவார். மஞ்சள் ஒன்று, வெள்ளை இரண்டு, பாதியாக உடைத்த சிவப்பு ஒன்று. எந்த உறையிலும் மருந்தின் பெயர் இராது. மறுநாள் உடம்பெல்லாம் தடித்து ஆதார வைத்தியசாலைக்கு ஓடும்போது, ‘என்ன மருந்து குடித்தீர்கள்’ என்ற கேள்விக்கு ‘மஞ்சள் குளிசை’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்காது. இதற்கு மாறாக, கேட்டவுடன் ஒவ்வொரு உறையிலும் மருந்தின் பெயரை எழுதச் சொல்லும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். என்ன நோய் என்று நினைக்கிறார் என்பதை ஒரு வரியில் கொப்பியில் எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தின் நீளம் எப்படியிருந்தாலும் நான் திரும்பப் போவது இவர்களிடம்தான். வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று எழுதுமுன் கேட்கிறாரா என்பதையும் பார்ப்பேன்.

ஊசி போடாத டொக்டர் டொக்டரே இல்லை என்ற எண்ணம் லயங்களில் இன்னும் போகவில்லை. அதற்கு இணங்கி எல்லோருக்கும் ஊசி போடும் வைத்தியருக்குக் கூட்டம் அதிகம். ‘கைராசி’ என்ற பெயரும் உண்டு. ஒரே நாளில் வலியும் வீக்கமும் இறங்கிவிடுகிறது என்று புகழப்படும் ஊசிகளில் ஸ்டீரொய்ட் வகையும் இருக்கக்கூடும் என்பதையும், அவை சர்க்கரையைக் கூட்டும் என்பதையும் அத்தை போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டும். கூட்டத்தை வைத்து வைத்தியரைத் தெரிவு செய்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

மொழி ஒரு தகுதியா என்றால் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் நோயின் வரலாற்றைச் சொல்வதில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு தாய், மகளின் மாதவிடாய்ப் பிரச்சினையை மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல், வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தோடு திரும்பிவிடுவார். தமிழ் பேசும் வைத்தியரைத் தேடிப் போவதை இனப்பற்று என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதேவேளை, தமிழில் பேசக் கற்றுக்கொண்டு ‘எத்தனை நாளா அம்மா?’ என்று பொறுமையாகக் கேட்கும் சிங்கள வைத்தியர்கள் மலையக வைத்தியசாலைகளில் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது சரியன்று.

தொலைபேசி வழி முன்பதிவுச் சேவைகளையும் இங்கே சேர்க்கலாம். இ-சனலிங், டொக் 990 ஆகியவற்றில் வைத்தியரின் பெயரையும் துறையையும் நிலையத்தையும் பார்த்துத் தெரிவு செய்ய முடிவது, சி.ஆர். கொப்பியோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். அங்கே கண்ட பெயரை எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்குப் போவதும் எளிது. மலையகத்தின் சிறிய நிலையங்கள் எல்லாமே இவற்றில் இணைந்திருக்கவில்லை. கண்டிக்குப் போகத் துணிந்தவர்களுக்கே இவை கூடுதலாகப் பயன்படும். எந்த வழியில் பதிவு செய்தாலும் நேரம் ஒரு தனித் தலைவலி. அரச வைத்தியசாலையில் கடமை முடித்துவிட்டு மாலையில் வரும் நிபுணருக்காக இருபதாம் நம்பரோடு காத்திருப்பவர், தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், வைத்தியர் கட்டணத்தைவிட ஓட்டோவுக்குக் கொடுப்பது கூடிவிடும். முன்பதிவின்போதே ‘டொக்டர் எத்தனை மணிக்கு வருவார்’ என்பதுடன் ‘வழக்கமாக எத்தனை மணிக்கு வந்து சேருவார்’ என்றும் கேளுங்கள். இரண்டு விடைகளும் வேறுபடும்.

அதைவிட முக்கியமான ஒன்று, மாலையில் சனல் நிலையத்தில் இருக்கும் நிபுணர் பெரும்பாலும் காலையில் அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் இருப்பவர்தான் என்பது. இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைகள், பதுளைப் போதனா வைத்தியசாலை, அதற்கும் மேலே கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை ஆகியவற்றில் பணிபுரியும் நிபுணர்களின் தகுதி, அரசாங்கத்தால் நியமனத்தின்போதே சரிபார்க்கப்பட்டது. தகுதியைப் பற்றிய சந்தேகமே எழாத இடம் அது, மருந்தும் இலவசம். விலை காத்திருப்பில்தான் கொடுக்கப்படுகிறது. விடியற்காலையில் போய் வரிசை பிடிக்க வேண்டும். கிளினிக் கொப்பியைத் தொலைத்தால் பெரும்பாடு. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நீண்ட நாள் நோய்களுக்கு மாதாமாதம் சனல் செய்து கடன்படுவதில் பொருளில்லை. ஒரு முறை சனல் செய்து நோயை உறுதிப்படுத்திக்கொண்டு, ‘கிளினிக்குக்கு வரலாமா டொக்டர்?’ என்று கேட்டால், கடிதம் தந்து வரச் சொல்லும் வைத்தியர்களே அதிகம். அத்தை இப்போது போவது கிளினிக்குக்குத்தான். நெஞ்சு வலி, வலிப்பு, விபத்து போன்றவற்றில் பதிவேடு, பலகை எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும்; அதற்கும் கட்டணம் இல்லை.

வைத்தியரைப் போலவே நிலையத்துக்கும் பதிவு உண்டு. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் வைத்தியசாலை, சனல் நிலையம், ஆய்வுகூடம், டிஸ்பென்சரி எல்லாமே தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் இருந்தால் அதில் எந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது; சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பழைய ஆண்டுச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

முறைப்பாடு செய்ய நேர்ந்தால் எங்கே போவது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. பதிவு பெற்ற வைத்தியரின் தொழில் நடத்தை பற்றியதாயின் இலங்கை மருத்துவ சபைக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும்; விசாரணைக்குப் பின் பதிவை இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. நிலையத்தின் கட்டணம், துப்புரவு, பற்றுச்சீட்டு பற்றியதாயின் ஒழுங்குபடுத்தல் சபைக்கு. பதிவே இல்லாத ஒருவர் வைத்தியம் பார்க்கிறார் என்றால் அது குற்றச்செயல். பொலிஸுக்கும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் சொல்லலாம். மூன்றுக்கும் திகதியிட்ட பற்றுச்சீட்டும், முத்திரை தெளிவாகத் தெரியும் மருந்துத் துண்டின் படமும் வேண்டும். துண்டைப் பார்மசியில் கொடுப்பதற்கு முன்னரே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.